மானூர்ச் சபையும் உலகச் சபையும்

(வள்ளியூரில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உலக மக்களாட்சி சாத்தியமா? பல பண்பாடுகளின் பார்வையில்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் பேச வேண்டிய விஷயத்தை வள்ளியூரில் எதற்குப் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். என்னைக் கேட்டால், இதைப் பேசுவதற்கு வள்ளியூரைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. ராதாபுரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் கூடங்குளத்தில் போய் இறங்கலாம். வழியெல்லாம் காற்றாலைகள். கடைசியில் கடற்கரையில் இரண்டு அணு உலைகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். அவற்றை அங்கே கட்டுவது என்ற ஒப்பந்தம் 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் கையெழுத்தானது. ஒரு பக்கம் ராஜீவ் காந்தி, மறுபக்கம் மிகயீல் கோர்பச்சேவ். மூன்றே ஆண்டில் சோவியத் ஒன்றியம் என்ற நாடே இல்லாமல் போயிற்று. ஒப்பந்தம் மட்டும் பிழைத்து, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலை 2014 கடைசியிலும் இரண்டாவது 2017 மார்ச்சிலும் வணிக உற்பத்திக்கு வந்தன.

இந்த முப்பது ஆண்டுக் கதையில், உலைகளுக்கு அருகிலுள்ள கடலோர ஊரான இடிந்தகரையின் மக்களிடம் 'உங்களுக்குச் சம்மதமா' என்று யார், எப்போது கேட்டார்கள்? முதல் இரண்டு உலைகளுக்குச் சட்டப்படியான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவே இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி 1989இலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. கருத்துக் கேட்பைப் பற்றிய விதிகள் பிறகுதான் வந்தன. அடுத்த உலைகளுக்காக 2007இல் கூட்டம் போட்டபோது, அது நடந்தது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில். கடலுக்குப் போகிறவன் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு, மாவட்டத் தலைநகருக்கு வந்து, போலீஸ் காவலுக்கு நடுவே மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும்.

2011 மார்ச்சில் புகுஷிமா விபத்து. அந்த ஆகஸ்டில் இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் உலைகளுக்கு எதிரான போராட்டப் பந்தல் எழுந்தது. பந்தலில் அதிகம் உட்கார்ந்தவர்கள் பெண்கள். பீடி சுற்றுகிறவர்கள் அங்கேயே தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டு பேச்சைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடி. அதே நாள் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். மூன்று நாள் கழித்து மக்கள் கடலுக்குள் இறங்கி நின்று போராடினார்கள்.

அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எவ்வளவு கொடுமையாக இருந்தது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். கோவையில் விசைத்தறி வைத்திருந்தவருக்கும், நம் ஊரில் மாவு மில் வைத்திருந்தவருக்கும் அந்த மின்சாரம் உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டு உலைகளின் 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266 என்று பங்கு பிரித்தார்கள். மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர்களை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தாம். விசைத்தறிக்காரரும் மீனவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேச ஒரு சபை இருந்ததா என்பதுதான் என் கேள்வி. இல்லை. இன்னொரு தரப்பும் உண்டு. கூடங்குளத்துக்கு எதிர்க்கரையில் மன்னார் இருக்கிறது. 2012இல் இலங்கை அமைச்சர் சம்பிக்க ரணவக்க இந்த உலைகளைப் பற்றிக் கவலை தெரிவித்தார். விபத்து நேர்ந்தால் கதிர்வீச்சு பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு போகாது. ஆனால் மன்னார் மீனவனுக்கு இந்தியாவில் ஓட்டு இல்லை. இடிந்தகரை மீனவனுக்கு மாஸ்கோவில் ஓட்டு இல்லை.

ஒரு முடிவு யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்கு அந்த முடிவில் பங்கு வேண்டும் என்பதுதான் நான் புரிந்துகொண்ட மக்களாட்சி. முடிவுகள் எல்லை தாண்டுகின்றன. பங்கு மட்டும் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. உலக மக்களாட்சியைப் பற்றிய பேச்சு இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். உலகத்துக்கெல்லாம் ஒரே பிரதமர், ஒரே பாராளுமன்றம் என்று கற்பனை செய்துகொண்டு, அது நடக்காது என்று கைகழுவிவிடுவது எளிது.

இங்கே ஒரு மறுப்பு உடனே வரும். மக்களாட்சி என்பதே மேற்கத்தியச் சரக்கு, அதை உலகம் முழுவதற்கும் எப்படிப் பொதுவாக்குவது என்பார்கள். இந்த மறுப்பை மேற்கில் உள்ளவர்களும் சொல்கிறார்கள், கிழக்கில் அதிகாரத்தில் உள்ளவர்களும் சொல்கிறார்கள். இருவருக்கும் இது வசதியாக இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. பலர் அந்த வழியாகப் போயிருப்பீர்கள். அங்கே அம்பலவாணர் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறித்த வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,200 ஆண்டுப் பழமை. எல்லோரும் பெருமையாகச் சொல்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பராந்தக சோழன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. மானூர்க் கல்வெட்டு அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன படித்திருக்க வேண்டும், வாரியங்களில் யார் இடம் பெறலாம் என்று அது விதி வகுக்கிறது. அதில் ஒரு விதியைப் படித்ததிலிருந்து அது என் மனதை விட்டு அகலவில்லை. சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் 'இல்லை, இல்லை' என்று சொல்லித் தடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படித் தடுப்பவரும் அவருக்குத் துணை நிற்பவர்களும் ஐந்து காசு அபராதம் கட்ட வேண்டும். கூடிப் பேசுகிற வழக்கம் நன்றாக வேரூன்றிய ஊரில்தான் இப்படி ஒரு விதி தேவைப்படும். வெறும் சடங்குக்காகக் கூடுகிற சபையில் தடுப்பவனும் இருக்க மாட்டான், அபராதமும் இருக்காது.

உத்திரமேரூரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, எழுத்தறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொள்பவர் ஐந்து விரலையும் விரித்து வெறுங்கையால் வாங்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடத்துக்குள் போக முடியாது. ஏதென்ஸ் நகரத்தில் இதற்கும் முன்பே குலுக்கல் முறையில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தார்கள். கானா நாட்டின் அகான் மக்களிடையே ஓட்டு எண்ணுகிற பழக்கம் இல்லை. கருத்து ஒன்றுபடும்வரை பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று அந்நாட்டுத் தத்துவ அறிஞர் குவாசி விரெடு எழுதியிருக்கிறார். தோற்றவன் என்று ஒருவனை வெளியே அனுப்பாத முறை அது. ஓட்டுரிமை வந்த கதையைப் பார்த்தாலும் மேற்கிலிருந்து கிழக்குக்கு என்ற நேர்கோடு இல்லை. சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது, சொத்துத் தகுதியோடுதான் என்றாலும். இலங்கையில் 1931இல் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. பிரான்சில் பெண்களுக்கு 1944இல், சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தல்களில் 1971இல்.

இதைக் கேட்டுக் கைதட்டுகிறீர்கள். கைதட்டலை ஒரு நிமிடம் நிறுத்தி வையுங்கள். மானூர்ச் சபையில் உட்கார நிலத்தில் பங்கு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேய ஊர். அந்த நிலத்தில் சேற்றில் இறங்கி உழுதவர்கள் சபைக்குள் வர முடியாது. பெண்கள் வர முடியாது. ஏதென்சிலும் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை. கிராமத்தை நடுவில் வைத்து, வட்டத்துக்கு மேல் வட்டமாக உலகம் வரை விரிகிற ஓர் அமைப்பை 1946இல் காந்தி கனவு கண்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1948 நவம்பர் 4 அன்று, அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்ற அம்பேத்கர் அந்தக் கிராமத்தின் மறுபக்கத்தைத் தயவு தாட்சண்யமில்லாமல் சொன்னார். நான் காந்தியின் வட்டத்தை விரும்புகிறவன். ஆனால் அம்பேத்கரின் எச்சரிக்கையை வாசலில் காவலுக்கு நிறுத்தாமல் அந்த வட்டத்துக்குள் நுழையக் கூடாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக, 1996 தொடங்கிப் பத்து ஆண்டுகள் எந்தத் தலித் தலைவரையும் பொறுப்பேற்றுப் பணி செய்ய விடவில்லை. 2006இல்தான் அது மாறியது. மேலவளவில் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே குற்றத்துக்காக.

ஆகவே 'ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எங்களிடம் இருந்தது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கிற ஆசை எல்லாப் பண்பாட்டிலும் இருந்திருக்கிறது. கூடுகிற இடத்துக்குள் சிலரை விடக் கூடாது என்ற பிடிவாதமும் எல்லாப் பண்பாட்டிலும் இருந்திருக்கிறது. ஆசையும் பொது, பிடிவாதமும் பொது. இதனால்தான் உலக மக்களாட்சி முடியும் என்றும் நம்புகிறேன், கடினம் என்றும் சொல்கிறேன்.

இன்றைய உலகச் சபைக்கு வருவோம். 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் எழுதப்பட்டபோது இந்தியத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் ஒரு தமிழர், ஆற்காடு ராமசாமி முதலியார். அடுத்த ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரும் அவரே. பெரிய அறிவாளி. ஆனால் அவரை அனுப்பியது பிரிட்டிஷ் அரசு, இந்திய மக்கள் அல்ல. அதே நகரத்தில் மாநாட்டு அரங்குக்கு வெளியே விஜயலட்சுமி பண்டிட் இந்திய விடுதலைக்காகப் பேசிக்கொண்டிருந்தார். பிறந்த நாளிலேயே உலகச் சபையில் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

இன்று அதில் 193 நாடுகள். பொதுச்சபையில் 140 கோடிப் பேருக்கும் ஓர் ஓட்டு, பத்தாயிரம் பேர் வாழ்கிற துவாலு தீவுக்கும் ஓர் ஓட்டு. அது இருக்கட்டும், கடல் மட்டம் உயர்ந்து முழுகப் போவது துவாலுதான், அதற்கு ஓர் ஓட்டு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் பாதுகாப்பு மன்றத்தில். பதினைந்து உறுப்பினர்களில் ஐந்து நாடுகளுக்கு மட்டும் வீட்டோ. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ். பதினான்கு பேர் 'ஆம்' என்றாலும், ஐவரில் ஒருவர் 'இல்லை' என்றால் தீர்மானம் செத்துவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அபராதம் இல்லை. மானூரில் எதற்கெடுத்தாலும் 'இல்லை' என்றவனிடம் ஐந்து காசு வாங்கினார்கள். நியூயார்க்கில் அந்த 'இல்லை'யைச் சாசனத்தில் எழுதி உரிமையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பல பண்பாடுகளும் உலக மக்களாட்சிக்கு என்ன தரும் என்று கேட்கிறீர்களே, நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு அந்த ஒரு விதியைத் தரலாம்.

அப்படியானால் இடிந்தகரைக்காரர்கள் சொன்னதும் 'இல்லை'தானே, அவர்களுக்கும் அபராதமா என்று ஒரு தம்பி கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி. மானூர் விதி சபைக்குள் உட்கார்ந்து, பங்கும் பலமும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் காரியத்தை முடக்குகிறவனுக்கானது. இடிந்தகரைக்காரர்களைச் சபைக்குள் கூப்பிடவே இல்லை. கூப்பிடாதவர்களின் மறுப்பைத் தடை என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு மிஞ்சியிருந்த ஒரே பேச்சு அதுதான்.

இப்படிச் சபைக்குக் கூப்பிடப்படாமல் போவதைக் கூடங்குளத்துக்கு முன்பே நம்மவர்கள் வேறொரு விதத்தில் அனுபவித்திருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 1931 வாக்குரிமையின் பயன் அவர்களில் பலருக்கும் கிடைத்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்து ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். அந்த மக்களின் தலைவர் தொண்டமான் எதிர்த்தார், பயனில்லை. இரண்டும் தேர்தல் நடத்துகிற நாடுகள், இரண்டும் மக்களாட்சி நாடுகள். ஆனால் யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களுக்கு இரண்டு நாட்டிலும் ஓட்டு இல்லை. வந்தவர்கள் நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தும், பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வடித்தும் பிழைத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

இரண்டு மக்களாட்சிகள் சேர்ந்தாலும் மக்களாட்சி ஆகிவிடாது. இந்த 1964ஆம் ஆண்டு அதற்குச் சாட்சி. இன்றைக்கு நம் பகுதிப் பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே ஓட்டு கிடையாது. இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் போட வேண்டுமானால் டிக்கெட் எடுத்து நேரில் வர வேண்டும்.

சரி, வழி இருக்கிறதா? இருக்கிறது, அதை நம் நாட்டிலேயே ஒரு முறை பார்த்தும்விட்டோம். ஒடிசாவில் நியம்கிரி மலை. டோங்கிரியா கோண்டு மக்கள் அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். லண்டன் பங்குச் சந்தையில் இருந்த வேதாந்தா நிறுவனத்துக்காக அங்கே பாக்சைட் வெட்டத் திட்டம். வேதாந்தா என்றால் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் தாய் நிறுவனம். உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நார்வே நாட்டு ஓய்வூதிய நிதி 2007இலும், இங்கிலாந்துத் திருச்சபை 2010இலும் அந்த நிறுவனத்தில் தங்கள் முதலீட்டை விலக்கிக்கொண்டன. 2013 ஏப்ரல் 18 அன்று உச்சநீதிமன்றம், இதைக் கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்றது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு வலுக் கொடுத்தது. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் பன்னிரண்டு கிராமங்களில், மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, கிழவிகளும் இளைஞர்களும் ஒவ்வொருவராக எழுந்து தம் மொழியில் பேசினார்கள். பன்னிரண்டு கிராமமும் வேண்டாம் என்றது. சுரங்கம் வரவில்லை.

இனி ஒரு தேதியைக் கவனியுங்கள். கூடங்குளம் வழக்கில் உலைகளை இயக்கலாம் என்று அதே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 மே 6 அன்று. இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. நியம்கிரிக் கிராமசபையின் சொல்லுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது; கடலோரக் கிராமசபையின் சொல்லுக்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் இல்லை. வித்தியாசம் அவ்வளவே. உள்ளூர்ச் சபைக்குச் சட்ட வலு இருந்தால் உலகக் கம்பெனியும் அதற்குக் கட்டுப்படும். ஐ.நா.வைத் திருத்துவதைப் பற்றி ஆயிரம் மாநாடு நடத்தலாம். உலக மக்களாட்சிக்கு அஸ்திவாரம் அங்கே இல்லை என்பது என் முடிவு.

மேல்மட்டத்தில் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்ல மாட்டேன். 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் உருவானது: சுற்றுச்சூழல் பற்றிய தகவல் பெற, முடிவில் பங்கேற்க, நீதிமன்றம் போக மக்களுக்கு உரிமை. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் சேர்ந்திருக்கின்றன, ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சேரலாம், இந்தியா சேரவில்லை. 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். இழுவை மடியால் தங்கள் கடல் அழிகிறது என்று வடக்கு இலங்கை மீனவன் நம் மீனவனிடம் முகத்துக்கு நேராகச் சொன்னான். அந்தப் பேச்சு நீடித்துத் தீர்வாகவில்லை என்பது பெரிய இழப்பு. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டையொட்டி இன்னொரு முயற்சி: மக்கள்தொகை அடர்த்தியின்படி உலக வரைபடத்தில் இடங்களைக் குலுக்கலில் எடுத்து, அங்கிருந்து நூறு சாதாரண மனிதர்களைத் தேர்ந்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு இணையத்தில் வாரக்கணக்கில் பேச வைத்தார்கள். உத்திரமேரூரின் அதே குடவோலைதான், குடம் மட்டும் பூமியளவு பெரியது. அவர்கள் வெளியிட்ட அறிக்கைக்கு எந்த அரசும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அவர்களால் பேச முடிந்தது, ஓர் அறிக்கைக்கும் வர முடிந்தது.

கடைசியாக நம் வள்ளியூர் ஒன்றியத்து ஊராட்சிகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். கிராமசபை எப்படி நடக்கிறது என்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வேப்ப மரத்தடி அல்லது சமுதாயக் கூடம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பற்றாளர். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். வருகைப் பதிவேடு முதலில் சுற்றி வரும். கையெழுத்தும் கைரேகையும் விழுந்துவிடும். வரவு செலவை வேகமாக வாசிப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிற வேலை, கூட்டம் கலைந்த பிறகு ஆற அமர நடக்கும். கோரம் சேர்ந்ததா என்பதுதான் கவலை. மக்கள் பேசினார்களா என்பது எவர் கவலையும் இல்லை. நியம்கிரியில் ஓர் உலக நிறுவனத்தை நிறுத்திய அதே அமைப்புதான் இது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள். அடுத்து எது வருகிறதோ அந்த நாளில் உங்கள் ஊர்க் கிராமசபைக்குப் போங்கள். வீட்டுப் பெண்களையும், காலனித் தெருவிலிருந்து வரத் தயங்குகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் ஊருக்கு என்ன திட்டம் வருகிறது, அதை எந்த ஊரில் யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.